பேச்சுக்காரன் யாருடைய ஆள்?

மரியோ வர்காஸ் யோசாவின் ‘எல் ஆப்லதோர்’ (1987) நாவலில் மொத்தம் எட்டு அத்தியாயங்கள். அதில் மூன்று, ஒரு மாட்சிகெங்காக் கதைசொல்லி காட்டுக்குள் தன் மக்கள் நடுவில் உட்கார்ந்து பேசும் பேச்சு. தென்கிழக்குப் பெருவில், ஆண்டிஸ் மலை இறங்கி அமேசான் காடு தொடங்கும் இடத்தில், உருபம்பா ஆற்றையும் அதன் கிளையாறுகளையும் ஒட்டி வாழும் சிறிய இனம் மாட்சிகெங்கா. 2007 கணக்கெடுப்பில் 11,000 பேர் அளவில் இருந்தார்கள். அந்த மூன்று அத்தியாயங்களும் அவர்களுடைய குரல் என்று சொல்லித்தான் பலரும் இந்த நாவலைப் புகழ்கிறார்கள். ஆனால் பேசுகிறவன் மாட்சிகெங்கா கிடையாது. லிமா நகரத்து யூதப் பையன். அவனைக் கற்பனை செய்துகொள்வது இன்னொரு லிமாக்காரன், நாவலின் ‘நான்’. இருவரையும் எழுதியவர் யோசா. அத்தனை ஆயிரம் பேரில் ஒருவர் கைக்குக்கூட மைக் போகவில்லை.

இதைக் குற்றப்பத்திரிகையாக வாசிக்க வேண்டாம். யோசாவின் நாவல்களில் நான் மூன்று தடவை படித்தது இது ஒன்றுதான். 2025 ஏப்ரலில் அவர் இறந்தபோது எங்கள் வாசிப்புக் குழுவில் எல்லாரும் அவருடைய பெரிய அரசியல் நாவல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இதைத் திரும்ப எடுத்தேன். காரணம் பாதி தொழில் சம்பந்தப்பட்டது. நான் எரிவாயுக் குழாய்களின் பாதுகாப்பைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், உடைந்துபோன குழாய்களைப் பற்றிய ஒரு பயிற்சியில் ‘கமிசேயா’ என்ற பெயரைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து வரைபடத்தைத் திறந்தால், அது யோசாவின் பேச்சுக்காரன் நடந்து திரிகிற அதே காடு. அன்றிலிருந்து இந்த நாவலை வெறும் நாவலாகப் படிக்க முடியவில்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1985. புளோரன்ஸ் நகரத்தில் ஒரு சின்னப் புகைப்படக் கண்காட்சி. அதில் ஒரு படம்: வட்டமாக உட்கார்ந்திருக்கும் மாட்சிகெங்காக்கள், நடுவில் நின்று பேசும் ஓர் ஆள். அவன் சாவுல் சுராட்டாஸாக இருக்குமோ என்று கதை சொல்பவனுக்குச் சந்தேகம். சாவுல் அவனுடைய பல்கலைக்கழக நண்பன். முகத்தில் பாதியை மூடிய கருஞ்சிவப்பு மச்சம், அதனால் ‘மாஸ்கரீத்தா’, முகமூடிக்காரன், என்று பட்டப்பெயர். இனவியல் படிக்கப்போய், மாட்சிகெங்காக்கள்மேல் கிட்டத்தட்ட மதம் மாறினவன்போலப் பித்தாகிவிட்டான். பிறகு இஸ்ரேல் போய்விட்டதாகச் செய்தி. அவன் போனது இஸ்ரேலுக்கு இல்லை, காட்டுக்கு, அங்கே அவன் அந்த மக்களின் ‘ஆப்லதோர்’ ஆகிவிட்டான் என்று கதை சொல்பவன் முடிவுகட்டுகிறான். முடிவுகட்டுகிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். அவனிடம் ஆதாரம் ஒன்றுமில்லை. 3, 5, 7 ஆம் அத்தியாயங்கள் அந்த முடிவிலிருந்து பிறந்தவை.

தலைப்பிலேயே ஒரு நுட்பம் இருக்கிறது. 1989-இல் வந்த ஹெலன் லேனின் ஆங்கில மொழிபெயர்ப்பு ‘தி ஸ்டோரிடெல்லர்’. தமிழில் நாமும் உடனே ‘கதைசொல்லி’ என்றுவிடுவோம், இப்போது அந்தச் சொல்லுக்கு ஒரு மவுசு வந்துவிட்டது இல்லையா. ஸ்பானிய மொழியில் ஆப்லதோர் என்றால் பேசுகிறவன். ஓயாமல் பேசுகிறவன், வாயாடி என்றும் அர்த்தம் போகும். அவன் சொல்வதும் கதை மட்டும் இல்லை. அந்த ஆற்றோரத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தது, இந்த ஆற்றில் யார் செத்தது, யார் யாரோடு கோபித்துக்கொண்டு குடிசையை மாற்றினார்கள் என்று எல்லாம் அவன் வாயில் வருகிறது. அதனால் எனக்குப் ‘பேச்சுக்காரன்’ என்பதே பொருத்தமாகப் படுகிறது.

அந்த மூன்று அத்தியாயங்களின் எழுத்து அசாதாரணமானது. முதல் வாசிப்பில் இருபது பக்கத்துக்கு ஒன்றும் பிடிபடாது. ஆண்கள் எல்லாருக்கும் ஒரே பெயர், தசூரிஞ்சி. அந்த ஆற்றில் இருக்கிற தசூரிஞ்சி, இந்த வளைவில் இருக்கிற தசூரிஞ்சி என்று இடத்தை வைத்துத்தான் ஆளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இது முழுக்க யோசாவின் விளையாட்டு இல்லை. மாட்சிகெங்காக்கள் மரபாக ஒருவரையொருவர் உறவுமுறை சொல்லித்தான் அழைப்பார்கள். தனிப்பெயர் என்பது பெரும்பாலும் பாதிரிமாரும் பள்ளிக்கூடமும் அரசாங்கப் பதிவேடும் கொண்டுவந்தது. (என் பாட்டியின் பெயரை அவருடைய இறப்புச் சான்றிதழில்தான் முதன்முதலாக முழுதாகப் படித்தேன். அதனால் இது எனக்கு ரொம்ப விசித்திரமாகத் தெரியவில்லை.) ஆனால் மனிதர்கள் எல்லாருக்கும் தசூரிஞ்சி என்ற பெயரை வைத்தது நாவலாசிரியரின் கைவேலை. மாட்சிகெங்காத் தொன்மத்தில் தசோரின்ட்சி என்பது ஊதி உருவாக்குகிற சக்தி, படைப்பவன். ஊதுதல் என்ற வினையிலிருந்து வந்த சொல்.

பேச்சுக்காரனின் வாக்கியங்கள் எதையும் அறுதியிட்டுச் சொல்வதில்லை. இருக்கலாம், போலிருக்கிறது, யாருக்குத் தெரியும் என்று தளர்ந்து போகின்றன. ஒவ்வொரு கதையும், தனக்குத் தெரியவந்தது இவ்வளவுதான் என்ற பொருளில் வரும் ஒரு சிறு பல்லவியோடு முடிகிறது. காலம் என்றால் முன்பு, பின்பு, அவ்வளவே. நிலவான காஷிரி மனிதனாக இறங்கிவந்து மரவள்ளிக்கிழங்கைக் கொடுத்த கதை வருகிறது. மாட்சிகெங்காக்கள் உண்மையிலேயே சொல்லும் தொன்மம் இது. அதற்கு முன்னால் மக்கள் மண்ணைத் தின்றார்கள் என்பார்கள். காஷிரியின் முகத்தில் கறை. சாவுலின் முகத்திலும் கறை. யோசா இதை எங்கேயும் கோடிட்டுக் காட்டுவதில்லை, நாமே சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு ஐந்தாம் அத்தியாயத்துக்குப் பின் மெல்ல மெல்ல வேறு ஏதோ கலக்கிறது. ஒரு தசூரிஞ்சி காலையில் எழுந்து பார்த்தால் பூச்சியாகிக் கிடக்கிறான். பெயர் கிரெகோர். காட்டுக்குள் காஃப்கா வந்துவிட்டார்! அடுத்து, ஊர் ஊராக விரட்டப்பட்டும் கரையாமல் நடந்துகொண்டே இருந்த ஒரு மக்களின் கதை, அவர்களுக்குத் தசூரிஞ்சி-ஜெஹோவா. தன் யூத மரபையும் தன் இளமைக்கால வாசிப்பையும் சாவுல் அந்த மக்களின் தொன்மத்துக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறான். வெளியாட்கள் இவர்களைத் தொடவே கூடாது, ஒரு சொல்லைக்கூட உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று லிமாவில் கத்திக்கொண்டிருந்த அதே சாவுல்! நாவலின் ஆகச் சிறந்த முரண் இதுதான். யோசா இதைத் தெரிந்தே செய்கிறார், சிரிப்பை அடக்கிக்கொண்டு செய்கிறார்.

ஏழாம் அத்தியாயத்தின் கிளியையும் சொல்ல வேண்டும். கால் கோணலாகப் பிறந்த குஞ்சைத் தாய்க்கிளி கொத்திக் கொல்லப்போகும்போது பேச்சுக்காரன் அதை எடுத்து வளர்க்கிறான். ஊனத்தோடு பிறக்கும் குழந்தையை அந்த மக்கள் வாழவிடுவதில்லை என்று நாவல் முன்னாலேயே சொல்லியிருக்கிறது. அங்கே பிறந்திருந்தால் தன் மச்சத்தோடு தானும் பிழைத்திருக்க முடியாது என்பது சாவுலுக்குத் தெரியும். தெரிந்துதான் அவர்களை நேசிக்கிறான். அந்தக் கிளி கடைசியில் கூப்பிடும் பெயரைப் படித்தபோது, முதல் தடவை, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

இனி சிக்கலுக்கு வருகிறேன்.

நாவலின் மாட்சிகெங்காக்கள் ‘நடக்கிறவர்கள்’. நின்றால் சூரியன் விழுந்துவிடும் என்று நடந்துகொண்டே இருக்கிறார்கள். படிக்க எவ்வளவு அழகாக இருக்கிறது! நிஜ மாட்சிகெங்காக்கள் தோட்டக்காரர்கள். காட்டில் ஒரு துண்டை வெட்டி எரித்து மரவள்ளி நடுவார்கள், அதிலிருந்தே மசாதோ என்கிற கள்ளும் வடிப்பார்கள். மண் சோர்ந்ததும் சில வருடங்களில் இடம் மாறுவார்கள். அவர்கள் ஓட்டம் ஓட்டமாக ஓடிய காலம் ஒன்று உண்டு, ஆனால் அதற்குச் சூரியன் காரணமில்லை. 1890-களில் தொடங்கி ரப்பர் முதலாளிகள் ஆள் பிடித்துக் கொத்தடிமையாக்கியபோது, பிழைத்தவர்கள் படகு ஏற முடியாத ஆற்றுத் தலைப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உருபம்பாப் பக்கத்து ஓடைகளிலிருந்து மனு ஆற்றுக்குக் கடக்கும் குறுகிய மேட்டுநிலத்தைக் கண்டுபிடித்த ரப்பர் முதலாளி கார்லோஸ் ஃபிட்ஸ்கரால்ட் அந்தக் காலத்து ஆள். 1897-இல் உருபம்பாவிலேயே மூழ்கிச் செத்தார். யோசாவும் ரப்பர் காலத்தை எழுதுகிறார், அதை மறைக்கவில்லை. ஆனால் நடையை அந்த இனத்தின் சாரமாக, ஆன்மீகமாக மாற்றிவிடுகிறார். துரத்தப்பட்டு ஓடியவனை யாத்திரிகன் ஆக்குவது. ரப்பர் மரத்தடியில் நிறுத்தப்பட்ட ஒரு வம்சத்தில் வந்த வாசகனாக எனக்கு இந்த இடம் உறுத்துகிறது. என் முன்னோர் கடல் தாண்டியதையும் யாராவது இப்படிக் கவித்துவமாக எழுதினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

அடுத்தது, பேச்சுக்காரன் என்ற பதவி. மாட்சிகெங்காக்களிடம் நாட்கணக்கில் நடந்து குடும்பம் குடும்பமாகச் சென்று பேசும் இப்படியொரு ஆள் இருந்ததாக, அவர்களோடு வருடக்கணக்கில் வாழ்ந்த மானுடவியலாளர்கள் எழுதியதில் நான் பார்த்தவரை இல்லை. கதைகள் உண்டு, ஏராளமாக. வீட்டில், இரவில், பெரியவர்கள் சொல்வார்கள். யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தனி ஆள் தேவையில்லை. நாவலுக்குள்ளேயே பேச்சுக்காரனை நேரில் கண்டதாகச் சொல்கிற சாட்சி யார் என்று பாருங்கள்: பைபிளை மொழிபெயர்க்க வந்த அமெரிக்க மொழியியல் நிறுவனத்தின் மிஷனரி ஒருவர்.

‘அதான் நாவலே சொல்லுதே, எல்லாம் அந்த ஆளோட கற்பனைன்னு’ என்று என் நண்பன் ஒருவன் வாதாடினான். நியாயமான வாதம்தான். யோசா கண்ணாடிக்குள் கண்ணாடி வைத்திருக்கிறார், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கண்ணாடிகள் எல்லாம் லிமாவையே காட்டுகின்றன. சிதறிக் கிடக்கும் ஒரு மக்களைச் சொல்லால் கட்டி வைத்திருப்பவன் என்று பேச்சுக்காரனைக் கதை சொல்பவன் வியக்கிறானே, அது நாவலாசிரியன் தன் தொழிலுக்குத் தானே தேடிக்கொண்ட குலதெய்வம். எழுத்தாளர்கள் இந்த நாவலை இவ்வளவு கொண்டாடுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஆறாம் அத்தியாயம்தான் முக்கியம். விமர்சகர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகிற அத்தியாயம். 1981-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகக் கதை சொல்பவன் கேமராக் குழுவோடு நுவேவா லூஸ், நுவேவோ முண்டோ என்ற கிராமங்களுக்குப் போகிறான். ‘புது ஒளி’, ‘புது உலகம்’. இரண்டும் கீழ் உருபம்பாவில் இன்றும் இருக்கும் நிஜ ஊர்கள். பள்ளிக்கூடம் வந்துவிட்டது, பைபிள் வந்துவிட்டது, மக்கள் ஓரிடத்தில் குடியேறிவிட்டார்கள். அவனுக்கு மனசு கனக்கிறது. பேச்சுக்காரர்களைப் பற்றி விசாரிக்கிறான். யாரும் வாய் திறப்பதில்லை. பார்வையை விலக்கிக்கொள்கிறார்கள். பேச்சு வேறெங்கோ போகிறது. தங்களுடைய கடைசிப் புனிதத்தை அந்நியனிடமிருந்து காப்பாற்றுகிறார்கள் என்று அவன் புரிந்துகொண்டு நெகிழ்கிறான்.

அந்த மௌனத்தை நான் வேறு மாதிரிப் படிக்கிறேன். வேலை நிமித்தமாக நம் நாட்டில் ஓர் ஓராங் அஸ்லிக் கம்பத்தில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தின் கடைசி வரிசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் படம் போட்டு விளக்கினார்கள். தோக் பாத்தின் கோப்பியைக் குடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. மறுவாரம் வந்த கூட்டக் குறிப்பில் ‘ஆட்சேபம் இல்லை’ என்று பதிவாகியிருந்தது. கிளம்பும்போது ஒரு பையன் மட்டும் என்னிடம் மெதுவாக, ‘எங்க ஆத்துத் தண்ணி கலங்குமா அபாங்?’ என்று கேட்டான். கூட்டத்தில் அதைக் கேட்க அவனுக்கு வழியில்லை, யாரும் அந்தக் கேள்விக்கு இடம் வைக்கவில்லை. நுவேவா லூஸ்காரர்கள் பேசாமல் இருந்ததும் இப்படி இருக்கலாம். வந்தவன் இல்லாத ஒன்றைக் கேட்கிறான், இருப்பதைக் கேட்கவில்லை. அப்புறம் என்ன பேசுவது?

1981-இல் அங்கே கேட்க வேண்டிய விஷயங்கள் நிறையவே இருந்தன. அதே வருடம் அதே ஆற்றுப் பகுதியில் வெர்னர் ஹெர்சாக் ‘ஃபிட்ஸ்கரால்டோ’ படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். முழுக் கப்பலை மலைமேல் இழுக்கும் காட்சி கமிசேயா ஆற்றுக்கும் உருபம்பாவுக்கும் நடுவிலுள்ள மேட்டில் எடுக்கப்பட்டது. நிஜ ஃபிட்ஸ்கரால்ட்கூட கப்பலைக் கழற்றித்தான் தூக்கிப்போனார். லெஸ் பிளாங்கின் ஆவணப்படத்தில், சரிவு மிக அதிகம், ஆட்கள் சாவார்கள் என்று சொல்லிவிட்டு ஒரு பிரேசில் பொறியாளர் விலகிப்போவதைப் பார்க்கலாம். எங்கள் ஆபீசில் அந்தக் காட்சியைச் சுவரில் மாட்டி வைக்கலாம். அந்தப் படத்தில் கயிறு இழுத்தவர்களில் மாட்சிகெங்காக்களும் உண்டு. அவர்கள் சம்பளத்தோடு ஹெர்சாக்கிடம் கேட்டது நிலப் பட்டாவுக்கான உதவியை. 1974-இல் பெரு அரசு பூர்வகுடிச் சமூகங்கள் கூட்டாக நில உரிமை பெறச் சட்டம் கொண்டுவந்திருந்தது, அது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சூரியனைத் தாங்கிப்பிடிக்க நடக்கிறவர்கள் என்று லிமாவில் ஒருவர் நாவலுக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் எல்லைக்கல் நடுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நாவலில் சாவுலும் கதை சொல்பவனும் போடும் சண்டை இதுதான்: இந்த மக்களை அப்படியே விட்டுவிடுவதா, நாட்டோடு கலந்துவிடுவதா? யோசாவின் சொந்தப் பக்கம் எது என்பதில் ரகசியம் இல்லை. அதிபர் தேர்தலில் தோற்ற அதே 1990-இல் ஓர் அமெரிக்க இதழில், பழங்குடிப் பண்பாட்டைக் காப்பதா நவீனமாக்குவதா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், வருத்தத்தோடு நவீனத்தைத்தான் தேர்வேன் என்ற பொருளில் எழுதினார். அப்படிப்பட்டவர் சாவுலுக்கு இவ்வளவு நல்ல வசனங்களைக் கொடுத்தது நாவலாசிரியராக அவருடைய பெருந்தன்மை. ஆனால் இரண்டு பேருக்கும் தோன்றாத ஒன்று: சாவுலின் கனவு ஏற்கெனவே ஒருமாதிரி சோதித்துப் பார்க்கப்பட்டிருந்தது. 1973-இல் மனு தேசியப் பூங்கா உருவானபோது மிஷனரிகள் வெளியேற்றப்பட்டார்கள். உள்ளே இருக்கும் மாட்சிகெங்காக்கள் வில்லும் அம்பும் வைத்து வேட்டையாடலாம், துப்பாக்கி கூடாது, விற்பனைக்கு எதுவும் எடுக்கக் கூடாது. என்ன ஆச்சு? தயக்கோமே ஊரிலிருந்து ஒரு பகுதியினர் மிஷனரிகள் பின்னாலேயே கிளம்பி, மலைமுகட்டைத் தாண்டிக் கமிசேயாப் பக்கம் போய்க் குடியேறினார்கள். மீதிப் பேர் பூங்காவிலேயே இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள், பள்ளிக்கூடத்துக்கும் மருந்துக்கும் பூங்கா அதிகாரிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு. போனவர்களும் மாட்சிகெங்கா, இருந்தவர்களும் மாட்சிகெங்கா. சாவுல் இவர்களில் யாருடைய பேச்சுக்காரன்?

போனவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தின் கீழேதான் எரிவாயு இருந்தது. 1980-களில், நாவல் எழுதப்பட்டுக்கொண்டிருந்த அதே வருடங்களில், ஷெல் நிறுவனம் கமிசேயாவில் அதைக் கண்டுபிடித்தது. அந்த வயல்களில் ஒன்றின் பெயர் கஷிரியாரி. ஆற்றின் பெயரை அப்படியே வைத்துவிட்டார்கள், உள்ளே காஷிரி இருக்கிறார், மரவள்ளி கொடுத்த நிலவு. எங்கள் துறையின் அட்டவணைகளில் அது வெறும் கிணற்று எண்ணோடு வரும் ஒரு பெயர். அதே சமயத்தில், பக்கத்து நஹுவா இனத்தார் 1984-இல் மரம் வெட்டுபவர்களிடம் சிக்கி, சளிக்காய்ச்சலில் சில வருடங்களுக்குள் பாதியளவு செத்துப்போனார்கள். தொடவே கூடாது என்ற சாவுலின் வெறி அங்கே முழுக்கச் சரி. அந்தச் சாவு நாவலில் இல்லை.

உற்பத்தி 2004-இல் தொடங்கியது. குழாய்கள் காட்டிலிருந்து ஏறி, 4,500 மீட்டரைத் தாண்டிய ஆண்டிஸ் முகடுகளைக் கடந்து, கடற்கரைக்கு இறங்குகின்றன. திரவக் குழாய் 2004 டிசம்பருக்கும் 2006 மார்ச்சுக்கும் இடையில் ஐந்து தடவை உடைந்தது. மண் சரிந்ததா, வெல்டிங் மட்டமா என்று பெரிய சண்டை. மழைக்காட்டுச் சரிவில் குழாய் போட்டவன் யாரும் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பேச மாட்டான், அது வேறு கதை. ஆற்றோரத்து ஊர்களுக்கு மீன் போச்சு என்பதுதான் விஷயம்.

மாட்சிகெங்காக்கள் இதற்கெல்லாம் பேசாமல் இருக்கவில்லை. 1988-லேயே உருபம்பா ஆற்று மாட்சிகெங்கா மன்றம், கோமாரு, ஆரம்பித்துவிட்டார்கள். நாவல் வந்து ஒரே வருடம். கூட்டங்களில் நஷ்டஈடு பேசினார்கள், படகுப் போக்குவரத்துக்கு விதி கேட்டார்கள், சில ஊர்கள் ஒப்புக்கொண்டன, சில ஊர்கள் ஆற்றை மறித்தன, ஒரே ஊருக்குள்ளேயே அண்ணன் தம்பி இரண்டாகப் பிரிந்தார்கள். எரிவாயு வரியில் ஒரு பங்கு உள்ளூராட்சிக்கு வருவதால் எச்சராத்தி மாவட்டம் பெருவின் பணக்கார உள்ளூராட்சிகளில் ஒன்றானது. அதிலிருந்து 2016-இல் மெகன்டோனி என்ற தனி மாவட்டம் பிரிந்தது, நுவேவோ முண்டோவெல்லாம் இப்போது அதில் வருகிறது. பணம் வந்தும் குடிதண்ணீர்க் குழாய் சரியாக வராத ஊர்கள் இருக்கின்றன. இதில் வீழ்ச்சியும் இருக்கிறது, சாமர்த்தியமும் இருக்கிறது, பேராசையும் இருக்கிறது. ஒரு நாவலுக்குத் தேவையான எல்லாமே இருக்கிறது.

அப்படியொரு நாவலை யோசா எழுதியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவர் எழுதியது வேறு. எனக்கு எரிச்சல் வாசகர்கள்மேல்தான். இணையத்தில் இந்தப் புத்தகத்தைப் பற்றி நம் ஆட்கள் எழுதும் குறிப்புகளில் ‘அழிந்துவரும் இனத்தின் கடைசிக் குரல்’ என்ற வரி எப்படியாவது வந்துவிடுகிறது. எந்த இனம் அழிந்தது? படகு மோட்டாருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு, பிள்ளையை மேல்படிப்புக்கு கீயாபம்பா டவுனுக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் மாட்சிகெங்காவில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அழிந்துபோனால்தான் நமக்கு அழ வசதியாக இருக்கிறது.

நாவலை முதல்முறை படிக்கப்போகிறவர்கள் 3, 5, 7-ஐ வாய்விட்டுப் படியுங்கள், அது காதுக்கான எழுத்து. ஆறாவதை மெதுவாகப் படியுங்கள். அந்தக் கேமராக் குழு நுவேவோ முண்டோவுக்குப் போகிறது. ஊர்க்காரர்களிடம் பேச்சுக்காரனைப் பற்றி எத்தனை கேள்வி கேட்கப்படுகிறது, அந்தப் பள்ளிக்கூடத்தை யார் கேட்டு வாங்கினார்கள் என்று எத்தனை தடவை கேட்கப்படுகிறது என்று எண்ணிக்கொண்டே போங்கள்.